வேகாத பீன்ஸும் செல்சுவரும்

போன ஆகஸ்டில் மதுரையிலிருந்து பெரியம்மா கோத்தகிரிக்கு வந்திருந்தார். வந்த மறுநாளே அடுப்படியைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் எதையும் குக்கரில் போட்டு விசில் விட்டுத்தான் பழக்கம். அவருக்கு அது ஆகாது. சாம்பார் என்றால் சட்டியில் கொதிக்க வேண்டும். புளியைக் கரைத்து ஊற்றி, பீன்ஸையும் கேரட்டையும் அதிலேயே போட்டு மூடிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "ஏண்டி, இந்த பீன்ஸ் என்ன மரத்துல செஞ்சதா? இந்தக் கொதி கொதிக்குது, கட்டையா நிக்குதே!"

ஆமாம் பெரியம்மா, மரம் எதனால் ஆனதோ அதனால்தான் பீன்ஸும் ஆனது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பசியோடு இருப்பவரிடம் பாடம் எடுக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுக்கிறவள். வகுப்பில் செல்சுவரைப் பத்தே நிமிடத்தில் தாண்டிவிடுவேன். தாவர செல்லுக்குச் சுவர் உண்டு, விலங்கு செல்லுக்கு இல்லை, அது செல்லுலோஸால் ஆனது. மூன்று வரி, ஒரு மதிப்பெண். அன்றைக்கு அந்தச் சட்டியைக் கிளறியபோதுதான், எவ்வளவு பெரிய விஷயத்தை இப்படித் தாண்டிப் போகிறோம் என்று உறைத்தது.

பெரியம்மா மலைத் தண்ணீரைக் குறை சொன்னார். பாதி நியாயம்தான். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் இங்கே 94 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் குறையும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். மீதிப் பாதிக் குற்றம் புளியுடையது. புளியை முன்னாலேயே ஊற்றினால் காய் வேகாது என்பது எல்லாப் பாட்டிகளும் சொல்வது. பெரியம்மாவுக்கும் தெரியும். மதுரையில் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் தண்ணீரில் அந்த விதியை மீறித் தப்பித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சரி, புளிக்கும் பீன்ஸுக்கும் என்ன பகை? அதைச் சொல்ல வேண்டுமானால் பீன்ஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1665இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் ஒரு தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி அறைகள். அவற்றைத்தான் 'செல்' என்று அழைத்தார். அந்த அறைகளில் குடியிருந்த உயிர் எப்போதோ போய்விட்டிருந்தது. அவர் பார்த்தது முழுக்கச் சுவர்தான். ஆளில்லாத வீட்டைப் பார்த்து வைத்த பெயர் ஆளுக்கும் நிலைத்துவிட்டது.

அதனாலோ என்னவோ, செல்சுவர் என்றதும் நமக்கு மதில் ஞாபகம் வருகிறது. செங்கல் அடுக்கி, பூசி, ஒரு தடவை கட்டி முடித்தால் அப்படியே நிற்கும் ஒன்று. எனக்கு இந்தச் 'சுவர்' என்ற சொல்லோடு சண்டை உண்டு. இளம் செல்லின் சுவரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இருப்பது தண்ணீர். தடிமன் நம் தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட வராது. உள்ளே இருக்கும் செல் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு நீளும்போது கூடவே நீள்கிறது, கிழிவதில்லை. எந்த மதில் இப்படிச் செய்யும்? கூடை என்று சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே கையை நீட்டாமல், தன்னைச் சுற்றித் தானே பின்னிக்கொள்ளும் கூடை. அவர் பருக்கப் பருக்கக் கூடையும் பெரிதாக வேண்டும்.

கூடைக்கு மூன்று சரக்கு. கயிறு மாதிரி உறுதியானது செல்லுலோஸ். கயிற்றுக்குக் கயிறு பிடித்துக் கட்டும் மெல்லிய இழைகள் ஹெமிசெல்லுலோஸ். இடைவெளியை நிரப்பும் கொழகொழப்பான பசை பெக்டின். ஜாம் உறைவது இந்தப் பசையால்தான். மூன்றுமே சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்துச் செய்தவை. நான்காவதாக லிக்னின் என்று ஒருவர் இருக்கிறார், அவர் கடைசியில் வருவார்.

முதலில் வருவது பசை. விலங்கு செல் இரண்டாகப் பிரியும்போது மாவு உருண்டையை நடுவில் கிள்ளுவது போல இடுப்பு சுருங்கிப் பிரிந்துவிடும். தாவர செல்லைச் சுற்றி ஏற்கெனவே கூடை இருப்பதால் கிள்ள முடியாது. அண்ணன் தம்பி வீட்டைப் பாகம் பிரித்தால் நடுக்கூடத்தில் சுவர் எழுப்புவார்களே, அந்த வழிதான். ஒரே வித்தியாசம், நாம் ஓரத்திலிருந்து கட்டுவோம், செல் நட்ட நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கட்டும். பசை நிரம்பிய நுண்ணிய பைகள் செல்லின் நடுவில் வந்து வரிசை கட்டி, ஒன்றோடொன்று கலந்து, ஒரு தட்டாக விரிந்து விரிந்து பழைய சுவரைத் தொடும். அந்தத் தட்டு இரண்டு வீட்டுக்கும் பொது. இரண்டு பக்கத்து செல்லும் தன் தன் பங்குக்கு அதன் மேல் தன் கூடையைப் பின்னத் தொடங்கும். பொதுத் தட்டு பெரும்பாலும் பெக்டின்தான். செல்லோடு செல்லை ஒட்டிப் பிடித்திருப்பது அதுவே. பெரியம்மாவின் பீன்ஸ் கட்டையாக நின்றதற்குக் காரணமும் அதுவே. இன்னொன்று: தட்டை முழுவதும் அடைத்துவிடாமல் மிக நுண்ணிய துளைகளை விட்டுவைக்கிறார்கள். அவற்றின் வழியே இந்தப் பக்கத்து உயிர்ப்பொருளும் அந்தப் பக்கத்து உயிர்ப்பொருளும் தொட்டுக்கொண்டேயிருக்கும். பாகம் பிரித்தாலும் பேச்சுவார்த்தை நிற்கவில்லை.

இனி கயிறு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெக்டினும் ஹெமிசெல்லுலோஸும் செல்லுக்குள்ளேயே தயாராகி, பைகளில் வெளியே அனுப்பப்படுகின்றன. செல்லுலோஸ் அப்படியில்லை. அது செல்லின் தோலில், அதாவது சவ்வில், நூற்கப்படுகிறது. சவ்வில் ஆறு இதழ்ப் பூ மாதிரி புரதக் கூட்டங்கள் பதிந்திருக்கின்றன. உள்பக்கத்திலிருந்து குளுக்கோஸை எடுத்து, ஒவ்வொன்றாகக் கோத்து, வெளிப்பக்கம் இழையாக விடுவது இவற்றின் வேலை. ஒரு பூவிலிருந்து ஒரே நேரத்தில் 18 இழைகள் வருகின்றன என்பதுதான் இப்போது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. வெளியே வந்த இழைகள் உடனே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே கயிறாக இறுகிவிடும். ஒரு மில்லிமீட்டரை மூன்று லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அந்தக் கயிற்றின் தடிமன்.

கயிறு திரிப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? தேங்காய் நாரை மடியில் வைத்துக்கொண்டு, நார் விட்டுத் திரித்தபடியே பின்னோக்கி நடப்பார். கயிறு நீள நீள அவர் நகர்வார். இந்தப் பூவும் அதே மாதிரிதான். கயிறு இறுகி சுவரில் படிந்துவிட்டதால் அது நகராது, ஆகவே பூதான் பின்னால் தள்ளப்பட்டுச் சவ்வில் நீந்திக்கொண்டு போகிறது. நூற்பதே நடப்பதும். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு தூரம். கேட்க ஆமை வேகம் போலத் தெரிகிறது. ஆனால் கணக்குப் போட்டால் ஒவ்வொரு இழையிலும் நொடிக்குப் பத்து குளுக்கோஸ் கோக்கப்படுகிறது. உயிருள்ள செல்லில் இந்தப் பூக்கள் நகர்வதை நேரடியாகப் படம் பிடித்துக் காட்டியது 2006இல்தான். கலிஃபோர்னியாவில், கடுகுக் குடும்பத்து ஒரு சின்னச் செடியில், ஒளிரும் புரதம் ஒட்டிப் பார்த்தார்கள். இருட்டில் ஊரும் மின்மினிகள் மாதிரி புள்ளிகள் நேர்கோட்டில் போயின.

நேர்கோட்டில் என்றேன் அல்லவா? சவ்வுக்கு அடியில் நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்கள் தண்டவாளம் போட்டாற்போல் கிடக்கின்றன. பூ அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே போகும். ஆக, உள்ளே தண்டவாளம் எந்தத் திசையில் கிடக்கிறதோ, வெளியே கயிறும் அந்தத் திசையில்தான் சுற்றும். இதில் என்ன பெரிய விஷயம் என்றால், செடியின் வடிவமே இதில் இருக்கிறது. செல்லின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிக் கயிறு விழுந்தால் அது பக்கவாட்டில் பெருக்க முடியாது, நீளத்தான் முடியும். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போட்டது மாதிரி. பீன்ஸ் கொடி மேலே மேலே போவதும், வேர் மண்ணுக்குள் நேராக இறங்குவதும் இந்தப் பட்டையால்.

பட்டை போடவிடாமல் தடுத்தால்? 1962இல் பால் கிரீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நைட்டெல்லா என்ற நீர்ப்பாசியின் நீண்ட செல்களில் கோல்சிசின் என்ற நஞ்சைக் கொடுத்துப் பார்த்தார். செல்கள் நீளுவதை விட்டுவிட்டு உருண்டையாக உப்பத் தொடங்கின. கயிறுகளின் ஒழுங்கு போய்விட்டது. உள்ளே ஏதோ புரத இழைகள்தான் திசை காட்டுகின்றன, நஞ்சு அவற்றைக் குலைத்துவிட்டது என்று அவர் ஊகித்தார். அடுத்த ஆண்டே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லெட்பெட்டரும் போர்ட்டரும் நுண்குழல்களைப் பார்த்துவிட்டார்கள், சுவருக்கு அடியில், கயிற்றின் அதே திசையில். அந்தக் கோல்சிசின் எங்கோ தூரத்துச் சரக்கு இல்லை, நம் மாநிலப் பூவான செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று அதன் கிழங்கைப் பயிரிட்டு விற்கிறார்களே, அதே செடி.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். அரிசியின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் கோத்த மாலைதான். பருத்தி வேட்டியின் செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த மாலைதான். மாவுச்சத்தில் மணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கோத்திருக்கும், மாலை சுருண்டு கொள்ளும், தண்ணீர் உள்ளே புகும், வெந்து போகும். செல்லுலோஸில் ஒரு மணி விட்டு ஒரு மணி தலைகீழாகத் திருப்பிக் கோத்திருக்கும், மாலை விறைத்து நேராக நிற்கும், பக்கத்து மாலையோடு நெருங்கி ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு திருப்பத்தைப் பிரிக்கும் நொதி நம் வயிற்றில் இல்லை. மாட்டின் வயிற்றிலும் அதற்கென்று சொந்த நொதி கிடையாது, அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதற்காக வேலை செய்கின்றன. அதனால்தான் சோற்றைத் தின்று வேட்டியைக் கட்டிக்கொள்கிறோம், மாறிச் செய்ய முடியாது.

சரி, கூடை தயார். அது எதைத் தாங்கிப் பிடிக்கிறது? தண்ணீரை. செல்லுக்குள் உப்பும் சர்க்கரையும் கரைந்திருப்பதால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். சுவர் இல்லாவிட்டால் செல் பலூன் மாதிரி வெடித்துவிடும். சுவர் இருப்பதால் அழுத்தம் ஏறி நிற்கிறது. பாடப் புத்தகத்தில் விறைப்பழுத்தம் என்று படித்திருப்பீர்கள். கார் டயரில் 30, 35 பவுண்டு காற்று அடிப்போம். ஒரு சாதாரண இலை செல்லில் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு அழுத்தம் இருக்கும். அத்தனையையும் தாங்குவது தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அந்தக் கூடை.

கேத்தி பக்கம் சாலையோரத்தில் கேரட் கழுவும் மெஷின்கள் ஓடுவதைப் பார்த்திருக்கலாம். மண் போகக் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவார்கள். அப்போது ஒரு கேரட்டை எடுத்து ஒடித்தால் 'பட்'டென்று சத்தம் கேட்கும். அழுத்தம் நிறைந்த செல்கள் விறைத்து நின்று ஒரேயடியாகப் பிளக்கும் சத்தம் அது. அதே கேரட்டை நாலு நாள் வெளியே போட்டு வைத்தால் ரப்பர் மாதிரி வளையும். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறப் போட்டால் பெரும்பாலும் மறுபடி விறைத்துக்கொள்ளும். வேகவைத்த கேரட்டை ஊறப் போட்டுப் பாருங்கள், விறைக்கவே விறைக்காது. அங்கே சவ்வு செத்துவிட்டது, தண்ணீரைப் பிடித்து வைக்க ஆளில்லை.

தேயிலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பறித்து வந்த கொழுந்தை உடனே உருட்டினால் நொறுங்கிப் போகும். அதனால் நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு இரவெல்லாம் வாட்டுவார்கள். அழுத்தம் இறங்கி இலை துணி மாதிரித் துவண்டபின் உருட்டினால் முறுக்கிக்கொண்டு வரும், செல்கள் உள்ளுக்குள் நசுங்கும். நசுங்கும்போது வேறு வேறு அறையில் இருந்த சாறும் நொதியும் கலந்து, காற்றுப் பட்டுக் கறுக்கிறது. தேநீரின் நிறம் அங்கே பிறக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும் கூடை, வளரவும் வேண்டும். இறுக்கமாக இருந்தால் வளராது, தளர்ந்தால் வெடிக்கும். செல் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. வளர வேண்டிய நேரத்தில் தன் சுவரைக் கொஞ்சம் புளிப்பாக்கிக் கொள்கிறது. ஆக்சின் என்ற ஹார்மோன் கட்டளை கொடுத்ததும் செல் அமிலத்தைச் சுவருக்குள் இறைக்கும். அந்தப் புளிப்பில் எக்ஸ்பான்சின் என்ற புரதம் விழித்துக்கொண்டு, கயிற்றுக்குக் கயிறு பிடித்திருக்கும் பிடியை அங்கங்கே நழுவவிடும். கயிறு அறுவதில்லை, பிடி மட்டும் தளர்கிறது. உள்ளிருக்கும் அழுத்தம் தள்ள, சுவர் விரியும். விரிந்த இடத்தில் உள்ளிருந்து புதுக் கயிறு பின்னப்படும். 1992இல் வெள்ளரி நாற்றிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கை தூக்கும்: "டீச்சர், புளிப்பு பட்டா சுவர் தளரும்னா, புளி ஊத்தின காய் சீக்கிரமில்ல வேகணும்?" நல்ல கேள்வி. உயிருள்ள செல்லில் தளர்த்துவது புளிப்பு இல்லை, புளிப்பில் வேலை செய்யும் புரதம். கொதிக்கிற சட்டியில் அந்தப் புரதம் எப்போதோ செத்துப் போயிருக்கும்.

சட்டியில் நடப்பது பசையின் கதை. பெக்டின் நீளமான சங்கிலி. நல்ல சூட்டில் அந்தச் சங்கிலி துண்டு துண்டாகும், துண்டானது தண்ணீரில் கரையும், செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். காய் 'வெந்தது' என்று நாம் சொல்வது இதைத்தான். கயிறான செல்லுலோஸ் அசைவதே இல்லை. புளியின் அளவான புளிப்பில் இந்தச் சங்கிலி துண்டாவது மிகவும் மெதுவாகிவிடும். சூடு வேறு ஆறு டிகிரி குறைவு. பெரியம்மாவின் பீன்ஸ் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது. சமையல் சோடா இதற்கு நேரெதிர், ஒரு சிட்டிகை போட்டால் பசை சீக்கிரம் உடைந்து காய் குழைந்துவிடும். ஆனால் சோடா பி வைட்டமினைக் கெடுக்கும், ருசியும் சவசவ என்றாகிவிடும். எனக்குப் பிடிக்காது. சுண்ணாம்புக்கு வேறு குணம். அதிலுள்ள கால்சியம் ஒரு பெக்டின் சங்கிலியையும் இன்னொன்றையும் சேர்த்துப் பொத்தான் போட்டுவிடும். பூசணிக்காயைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து மிட்டாய் செய்தால் பாகில் எவ்வளவு கொதித்தும் கரையாமல் மொறுமொறுவென்று நிற்பது அதனால்தான். கேஸ் தீர்ந்து பாதியில் நின்றுபோன உருளைக்கிழங்கு அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் சரியாக வேகாமல் அடம்பிடிக்கும், அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். 60 டிகிரி வாக்கில் கிழங்கு நிற்கும்போது அதன் சொந்த நொதி ஒன்று பெக்டினைத் திருத்தி, கால்சியம் பொத்தான் போட வசதி செய்துகொடுத்துவிடுகிறது.

நெருப்பில்லாமல் இதே சமையலைச் செய்பவர்களும் உண்டு. கேரட் மூட்டையில் ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதெல்லாம் கூழாகி நாறும். மென்னழுகல் பாக்டீரியா பெக்டினை உடைக்கும் நொதியை வெளியே துப்பி, பசையைக் கரைத்து, சிதறிய செல்லிலிருந்து சாறைக் குடிக்கிறது. உருளைக்கிழங்கைக் கருக்கும் பின்பருவக் கருகல் கிருமி இன்னொரு சுவாரசியமான ஆள். பூஞ்சை மாதிரித் தெரியும், ஆனால் அதன் சுவரிலும் செல்லுலோஸ் இருக்கிறது. அது தன் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் மருந்துகளே இன்று தெளிப்பில் இருக்கின்றன.

இதுவரை பேசியது இளஞ்சுவர். வளர்ந்து முடிந்த சில செல்கள் இதோடு நிறுத்துவதில்லை. உள்பக்கமாக இன்னும் இரண்டு மூன்று அடுக்குக் கயிறு சுற்றி, நான் முதலில் சொன்ன நான்காவது ஆளை உள்ளே விடும். லிக்னின் சர்க்கரையில் செய்தது இல்லை, வேறு சாதி வேதிப்பொருள். கூடையின் சந்து பொந்தெல்லாம் புகுந்து தண்ணீரை வெளியேற்றிவிட்டு அங்கேயே இறுகிவிடும். கம்பி கட்டிய கூட்டுக்குள் கான்கிரீட் ஊற்றியது போல. இதற்கு மட்டும் 'சுவர்' என்ற சொல் பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். இதற்கப்புறம் செல் வளர முடியாது.

எதிர்வீட்டு அக்கா முப்பது வருடமாகக் கொழுந்து கிள்ளுகிறார். ஒரு நாள் தோட்டத்தில் எனக்குக் காட்டினார். இரண்டு இலை, ஒரு மொட்டு உள்ள தளிரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக மடித்தார். 'டக்'. அதே தண்டில் இரண்டு விரற்கடை கீழே மடித்தார். வளைந்தது, தோல் சுருங்கியது, நார் இழுத்துக்கொண்டு நின்றது. "பாருங்க டீச்சர், இது முத்திருச்சு. இதைக் கூடைல போட்டா தூளுக்கு வாசம் வராது, நார்தான் வரும்." நுண்ணோக்கியில் சாஃப்ரானின் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது மேல் துண்டில் சில சிவப்புப் புள்ளிகள்தான் தெரியும், கீழ்த் துண்டில் சிவப்பு வளையமே இருக்கும். அந்தச் சாயம் லிக்னின் ஏறிய சுவரைத்தான் சிவப்பாக்கும். அக்காவின் விரல் அதை அரை நொடியில் கண்டுபிடிக்கிறது.

லிக்னினின் பெரிய வேலை தண்ணீர்க் குழாய். இலை மேலேயிருந்து நீரை உறிஞ்சி இழுக்கும்போது, உறிஞ்சு குழல் சப்பிப் போவது மாதிரி மெல்லிய குழாய் ஒட்டிக்கொண்டுவிடும். லிக்னின் ஏறியது ஒட்டாது. இந்தக் குழாயைச் செய்ய செல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வளையம் வளையமாகச் சுவரைத் தடித்து, அப்புறம் தன்னைத்தானே கொன்றுகொள்கின்றன. உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து போய், வெறும் கூடு குழாயாக நிற்கிறது. லாங்வுட் சோலைக்குள் போனால் மரத்தின் மேல் பாசி பச்சைப் போர்வையாகப் படர்ந்திருக்கும், பெரும்பாலும் விரல் உயரம். பாசிக்கு லிக்னின் குழாய் கிடையாது. அடுத்த சரிவில் 1840களில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்ட கற்பூர மரத்தின், அதாவது யூகலிப்டஸின், வழித்தோன்றல்கள் ஐம்பது மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள உயரம் பெருமளவுக்கு லிக்னினுடையது.

இந்தக் கூடையைப் பிரித்து மனிதன் செய்த வேலைகளும் இந்த மலையிலேயே இருக்கின்றன. ரயிலில் குன்னூர் தாண்டியதும் அருவங்காடு ஸ்டேஷன் வரும். 1903இல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரி அங்கேதான். கார்டைட்டின் முக்கியச் சரக்கு நைட்ரோசெல்லுலோஸ், அதாவது பஞ்சைப் போன்ற சுத்தமான செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் நனைத்தெடுத்தது. வேட்டி நெய்ய வேண்டிய கயிறு துப்பாக்கி மருந்தாகிவிட்டது. ஊட்டி இந்து நகரில் 1960இல் தொடங்கி இப்போது மூடிக் கிடக்கும் ஃபிலிம் ஃபேக்டரி இன்னொன்று. சினிமா ஃபிலிமின் பளிங்கு மாதிரியான அடித்தாள் செல்லுலோஸ் அசிடேட். மலையடிவாரத்துச் சிறுமுகைக்குக் கற்பூர மரமும் சீகை மரமும் லாரி லாரியாக இறங்கிய காலமும் உண்டு. அங்கே மரத்தைக் கூழாக்கி, செல்லுலோஸைக் கரைத்து, ஊசித் துளை வழியே அமிலத்தில் விட்டு மறுபடி இழையாக்கினார்கள். விஸ்கோஸ் துணி. கரைத்தாலும் இழுத்தாலும் அது அதே செல்லுலோஸ்தான். தொல்லை எல்லாம் லிக்னினோடு. அதை மரத்திலிருந்து பிரிக்கத்தான் அவ்வளவு ரசாயனம், அவ்வளவு கழிவு. பவானிக் கரைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அன்றைய சாம்பாரைக் கடைசியில் குக்கருக்கு மாற்றினேன். மூடி இறுகியதும் அழுத்தம் ஏறி, உள்ளே தண்ணீர் 115 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், மலையும் புளியும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. மூன்று விசிலில் பீன்ஸ் பூவாக வெந்திருந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் ஊட்டிப் பேரிக்காய் இரண்டு கிலோ வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னடி இது, மண்ணைக் கலந்த மாதிரி நறநறங்குது. வீட்ல வச்சா பழுக்குமா, இதுவும் உங்க ஊரு பீன்ஸ் மாதிரிதானா?"

பழுக்கும் என்றேன். அரிசி டப்பாவில் நாலு நாள் போட்டு வைத்தால் காயே தன் பெக்டினைக் கரைத்து மெத்தென்று ஆகிவிடும். அந்த நறநறப்பு மட்டும் போகாது. அது மண் இல்லை, கல் செல். சுவரைத் தடித்துத் தடித்து, லிக்னின் ஏற்றி, செத்துப்போன செல்கள் கொத்துக் கொத்தாகச் சதைக்குள் கிடக்கின்றன. பழுக்கவைக்கும் நொதி பசையைத்தான் தொடும், அவற்றைத் தொடாது. "அப்ப கடைசி வரைக்கும் மரத்தைத்தான் திங்க வைக்கிற" என்று சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.